தொண்ணூறு நிமிடத்துக்குள் ஜப்பான்

விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தான் நடராசன். 1987 ஜூலையில், நாலாவது முறையாகப் பெரியநாயகம் கடைப்படி ஏறியதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சார், மறுபடியும் லிஸ்ட மாத்திக்கினு வந்திருந்தீங்கன்னா, ஷட்டர இறக்கிட்டு நான் போயிடுவேன்."

"ஒண்ணே ஒண்ணுதான் நடராசன். மூணாவது கேசட்டு, பி சைடு, ரெண்டாவது பாட்டு. அத எப்படி விட்டேன்னே தெரியல."

"சரி, அதுக்கு எத எடுக்கறது?"

"எதையும் எடுக்க வேணாம்."

"இது தொண்ணூறு நிமிசக் கேசட்டு சார். அமுக்கி அமுக்கி வெக்க இன்னா, துணிப்பையா?"

பெரியநாயகம் திண்டிவனத்துக்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. ஜப்பான் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதெல்லாம் ஒரு ராக் குழுவின் புதுக் கேசட்டைத் தேடி வாங்கி வருவார். எழுபத்தாறில் தொடங்கி வருஷத்துக்கு ஒன்றாகப் பதினொன்று சேர்ந்துவிட்டது. அந்தக் குழுவும் ஓய்வதாக இல்லை, அவரும் ஓய்வதாக இல்லை.

அவர் மனைவி சூசை மேரி பள்ளிக்கூட டீச்சர். கோயில் பாடகர் குழுவையும் அவள்தான் நடத்தினாள். ஆகஸ்டில் மாதா திருநாள். அதற்குள் புதுப் பாட்டுகளைப் பதிந்து பதினொரு கிளைக் கிராமங்களுக்கும் அனுப்பும்படி பங்குச் சாமியார் அவளிடம் சொல்லியிருந்தார். கடையில் கிடைத்த வெற்றுக் கேசட்டுகள் இரண்டே மாதத்தில் நாடா இழுத்துக் கெட்டுப்போயின. வீட்டிலோ நல்ல ஜப்பான் நாடா பதினொன்று இருந்தது. அவள் கணவனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: முக்கியமான பாட்டுகளை ஒரே கேசட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் கோயிலுக்கு.

முக்கியமான பாட்டு எது என்பதில்தான் பேஜாரு. மொத்தம் நூற்றுப்பத்துப் பாட்டு. அட்டையில் இருந்த ஜப்பான் எழுத்தை ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. "டிரம் மட்டும் அடிக்கிறது", "பாடறவன் நடுவுல இருமறது", "மழையில கத்தற மாதிரி" என்று பெரியநாயகம் சீட்டில் எழுதி வருவார். முதல் பட்டியலில் நாற்பத்தொன்று இருந்தன. இரண்டாவதில் குறைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி நாற்பத்துமூன்றோடு வந்தார். பாதி பதிந்த கேசட்டை நடராசன் இரண்டு தடவை அழித்தாகிவிட்டது. கல்யாண ஆர்டர்கள் அலமாரியில் காத்துக் கிடந்தன.

"நாளைக்கு டீச்சரையும் கூட்டிக்கினு வாங்க. இல்லாட்டி வராதீங்க" என்றான் நடராசன்.

மறுநாள் சனிக்கிழமை. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்த கோபத்தோடு சூசை மேரி கடைக்குள் நுழைந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதினேழு நாளா ஒரு கேசட்டு முடியலியா? குடுங்க அந்தச் சீட்ட."

வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"இந்த மூணும் ஒரே மெட்டு. ஒண்ணு வேகமா வரும், ஒண்ணு மெதுவா வரும், ஒண்ணுல புல்லாங்குழல் வரும். ஒண்ணு போதும்." இரண்டை அடித்தாள். "இது நல்லா ஆரம்பிச்சு நடுவுல குழப்பிடுவான். வேணாம். ஏழாவது கேசட்டுல கடைசிப் பாட்டு எங்க? அத விட்டுட்டீங்களா?"

பெரியநாயகம் வாயைத் திறந்தபடி நின்றார். "மேரி, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வருஷத்துல ரெண்டு மாசம் கேக்குறீங்க. மீதிப் பத்து மாசம் அந்தப் பெட்டியில நான் எதப் போட்டுக் கேட்டேன்னு நெனைக்கிறீங்க?"

நடராசன் எழுந்துபோய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விசிறியின் சுவிட்சை மறுபடியும் தட்டினான்.

"அப்ப ஏன் அழிக்கச் சொல்ற?" என்றார் பெரியநாயகம்.

"நல்லதா இருபது எனக்குப் போதும். அதுக்காக தொண்ணூறு மோசமான பாட்ட வெச்சிக்கினு குடும்பம் நடத்தணுமா?"

"மோசமா?" அவர் குரல் உயர்ந்தது. அங்கே மூண்ட சண்டை ஒரு மணி நேரம் நடந்தது. வெளியே டீ குடிக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இருபத்தொரு பாட்டு நின்றது. அதில் பதினாறு அவளுடையது. பி பக்கத்தின் முடிவில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. அதிலாவது தனக்குப் பிடித்த ஒன்பது நிமிடப் பாட்டைப் போடும்படி பெரியநாயகம் கெஞ்சினார். கிடார் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து 'டக்'கென்று நின்றது.

"முடியலியே" என்றார் அவர் பாவமாக.

"முடிஞ்சிருச்சி சார்" என்றான் நடராசன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அவர் கப்பலுக்குத் திரும்பினார். நடராசன் பதினொரு கேசட்டுகளிலும் மேலே பதியவிடாமல் தடுக்கும் துளைகளில் காகிதம் ஒட்டி, கோயில் பாட்டுகளைப் பதிந்து அனுப்பினான்.

திருநாள் முடிந்த வாரத்தில் சூசை மேரி ஒரு பையோடு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"கண்டாச்சிபுரத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமத்துல, மைக் செட்டுல மாதா பாட்டு முடிஞ்சதும் ஜப்பான்காரன் கத்தியிருக்கான். தேர் தூக்கறவங்க தேர எறக்கி வெச்சிட்டு நின்னுட்டாங்களாம். சாமியார் எங்கிட்ட கேக்குறாரு."

நடராசனுக்கு விளங்கிவிட்டது. அந்த ஜப்பான் கேசட்டுகளில் பக்கத்துக்கு இருபத்துமூன்று நிமிடம்; கோயில் பாட்டு பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மிச்சமிருந்த ஐந்து நிமிடப் பழைய பாட்டை அவன் அழிக்கவில்லை.

"டீச்சர், அந்த ஒண்ண இப்பவே அழிச்சிடறேன். ஜல்தியா ஆயிடும்."

"ஒண்ணா? பதினொண்ணையும் திருப்பி வாங்கிக்கினு வந்திருக்கேன். எல்லாத்தையும் கடைசி வரைக்கும் போட்டு அழிங்க. அப்பறம் ஓட்டிக் காட்டுங்க. என் காதால கேக்காம நான் நம்ப மாட்டேன்."

நடராசன் பெருமூச்சு விட்டு முதல் கேசட்டை உள்ளே தள்ளினான். கோயில் பாட்டு முடியும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகச் சத்தத்தைக் கூட்டினான். டிரம் இடித்தது, ஜப்பான்காரன் பாடத் தொடங்கினான். சூசை மேரி பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் கை அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

"இருங்க" என்றாள் எரிச்சலோடு. "அந்த வரி முடியட்டும்."