மருமகள் விட்டுப்போன சாமான்கள்

ஞாயிற்றுக்கிழமை முன்மதியத்தில் அந்தத் தெருமுனை உணவகத்தில் ஜன்னலோர மேஜை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் நர்ஸம்மாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் அது கிடைத்துவிடும். மீசைக்கார சர்வர் அவர்களை அக்கா தங்கை என்றே நினைத்து, மேஜையைப் பிடித்து வைத்திருப்பான்.

அவர்கள் சம்பந்திகள். சம்பந்திகளாக இருந்தவர்கள் என்பதுதான் சரி. நர்ஸம்மாவின் மகனும் டீச்சரம்மாவின் மகளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமான புதிதில் அந்த இரண்டு பேர்தான் அம்மாக்களை இங்கே கூட்டி வந்தது. இட்டிலிக்கும் சோற்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இதென்ன தீனி, இரண்டு வேளையை ஒன்றாகக் கட்டி ஒப்பேற்றுகிறார்கள் என்று டீச்சரம்மா அன்றைக்கு முணுமுணுத்தாள். கணக்கு டீச்சர் இல்லையா, வேளையில் ஒன்று குறைந்தால் பொறுக்காது. அப்புறம் அவளே ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் பிரிந்தார்கள், மகன் வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான், அம்மாக்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள்.

வருவதற்கு ஒரு சாக்கு இருந்தது. மருமகள் ஒரே பெட்டியோடு போய்விட்டாள். மிச்சத்தை வண்டி பிடித்து அனுப்பிவிடலாம் என்றான் மகன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் நர்ஸம்மா. வாரம் ஒரு சாமானாகக் கொண்டுவந்தாள். ஒரு வாரம் தலை உலர்த்தும் மெஷின், ஒரு வாரம் ஒற்றைக் கம்மல், ஒரு வாரம் பாதி தீர்ந்த முகப் பவுடர். சாமான் முழுக்கப் போய்ச் சேராதவரை உறவும் முழுக்க அறுந்துபோகாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஒருநாள் அந்தப் பெண் மனசு மாறித் திரும்பி வந்தால், வீட்டில் அவளுடையது என்று நாலு பொருள் இருக்க வேண்டாமா?

இந்த வாரம் ஒரு கறுப்புக் குடை. மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டீச்சரம்மா தாமதமாக வந்தாள். கையில் பெரிய துணிப்பை. அதைப் பார்த்ததும் நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணிமணியோடு மகளையும் கையோடு கூட்டி வருகிறாளோ? கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"வந்து ரொம்ப நேரமாச்சாக்கா?"

இத்தனை வருஷத்தில் டீச்சரம்மா அவளைச் சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். தீர்ப்பு வந்த வாரத்தில்கூட அப்படித்தான்.

ஆம்லெட்டும் வறுத்த ரொட்டியும் காபியும் வந்தன. நர்ஸம்மா முந்திக்கொண்டாள். மகன் நேற்று போன் செய்தான், ரொம்ப மாறிவிட்டான், முதல் கேள்வியே மருமகளைப் பற்றித்தான் என்றாள். மகன் போன் செய்தது மட்டும் நிஜம். அதுவும் கேஸ் சிலிண்டர் எண் கேட்டு.

டீச்சரம்மா ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு முடிவாயிடுச்சுக்கா. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர். போன வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டாங்க."

நர்ஸம்மா சர்க்கரையை எடுத்துக் காபியில் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்தாள். பிறகு குடையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது அவளோடது. கதவுக்குப் பின்னால மாட்டியிருந்துச்சு. வீட்டுல இன்னும் எவ்வளவோ கெடக்கு. ஒருதடவை நேர்ல வந்து பாத்துட்டு எடுத்துக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

டீச்சரம்மா குடையைத் தொடவில்லை. துணிப்பையை மேஜைக்கு அடியில் மெல்லத் தள்ளினாள். நர்ஸம்மா குனிந்து பார்த்தாள். மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர். அதன்கீழ் ஒரு கைக்கண்ணாடி, மூடி விரிசல் விட்ட டப்பா, இரண்டு தலையணை உறை. போன மாதங்களில் அவள் கொண்டுவந்து கொடுத்தவை.

"அந்த ஸ்வெட்டரைக் காட்டினப்பவே சொல்லிட்டா. அம்மா, இது அத்தையோடது, என்னோட சாமானெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சுன்னு."

"அதுக்கப்புறமும் வாங்கிக்கிட்டீங்களே."

"நீங்க ஆசையாக் கொண்டாந்தீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

பக்கத்து மேஜையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அது அடங்கும்வரை டீச்சரம்மா காத்திருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டாளுங்க இங்கதான் வராங்க. மாப்பிள்ளைக்கு இந்தக் கடைக் காபி பிடிச்சுப்போச்சாம். இனி வாராவாரம் இங்கயே வரலாங்கறார். நீங்களும் இங்க இருந்து, யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அக்கான்னு சொல்லுங்க. இப்பக் கூப்பிட்டீங்கல்ல."

"அவ வேணாங்கறா."

புதன்கிழமை சாயங்காலம் வேண்டுமானால் நாம் இரண்டு பேர் மட்டும் வரலாமே என்றாள் டீச்சரம்மா. புதன்கிழமை உங்களுக்கு டியூஷன் ஆச்சே என்றாள் நர்ஸம்மா. டீச்சரம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். வேறு கிழமை எதையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து, நர்ஸம்மாவின் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய காபியில் ஆடை படிந்திருந்தது.

மீசைக்காரன் தட்டுகளை எடுக்க வந்தான்.

"என்னம்மா, தங்கச்சி சாப்பிடவே இல்லையே? அடுத்த வாரத்துக்கு அஞ்சு பேருன்னு உள்ள வரும்போதே சொல்லி வெச்சிட்டாங்க. இந்த மேஜையோட இன்னொண்ணைச் சேத்துப் போட்டுடறேன். உங்களையும் சேத்துத்தானே அஞ்சு?"

மகள், மாப்பிள்ளை, அவனுடைய அப்பா, அம்மா, டீச்சரம்மா. நர்ஸம்மா ஒரு கையில் பையையும் மறு கையில் தன் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

"அவங்க கணக்கு டீச்சர்ப்பா. தப்பா எண்ண மாட்டாங்க."