பெட்டிக்குள் ஆறு சான்றிதழ்கள்

காலை பத்து மணி. பட்டறையில் ஐந்து அரங்கள் ஓயாமல் பித்தளைச் சாவிகளை ராவிக்கொண்டிருந்தன. ஆறாவது மேசை காலி. போன வாரம் அங்கே நின்ற தம்பியின் கண்ணில் சாவித் துணுக்கு தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு மூன்று மாதமாக நச்சரித்தவனுக்குக் கடைசியில் கட்டுதான் கிடைத்தது. முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் சான்றிதழை மட்டும் அனுப்பவில்லை.

அவனுடன் பிறந்தவள் அவள்; அதே பட்டறையில் எல்லோருக்கும் அக்கா. படாத பாடு பட்டுத் தேர்வெழுதி வாங்கிய பூட்டுத்தொழில் சான்றிதழ்கள் ஆறும், ‘பத்திரமா இருக்கட்டும்’ என்ற சாக்கில் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. அவை இல்லாமல் வேறு கடையில் சேர்க்க மாட்டார்கள். தனியாகப் பூட்டைத் தொட்டால் போலீஸ். ஊரார் கதவையெல்லாம் திறந்துவிடுகிறவர்கள், தாங்கள் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பியோடதையாவது குடுத்துருங்க முதலாளி. வேற எடத்துல பொழச்சுக்குவான்.”

“குடுத்தா நாளைக்கே ஆளுக்கொரு திசையில பறந்துருவீங்க.” சிரித்தார். “பூட்டுக்காரங்கதானே? முடிஞ்சா திறந்து எடுத்துக்கோங்களேன்!”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவளுக்கு அது பத்து நிமிட வேலை. முட்டிபோட்டு உட்கார்ந்து பெட்டியின் பூட்டில் வளைகம்பியை நுழைத்தும்விட்டாள். உள்ளே முதல் தகடு அசைவது விரலில் தெரிந்தது.

பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவரான சாணைக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “பொறு தங்கச்சி. வேணும்னுதான் சொல்லிட்டுப் போறான். திருடின்னு சான்றிதழ் வாரியத்துக்கு எழுதிப்போட்டு ஒம் பேரையே அடிச்சுருவான்.”

சுரீர் என்றது அவளுக்கு. உரியவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பூட்டையும் திறக்கக் கூடாது. தேர்வில் முதல் கேள்வியே அதுதான். இரண்டாவது கேள்வியும் ஞாபகம் வந்தது. கம்பியை வெளியே இழுத்தாள்.

முதலாளி திரும்பியதும் போன் அடித்தது. “பேங்க்ல லாக்கர் ரூம் கதவு சிக்கிக்கிச்சாம், ஓடுங்க!”

யாரும் ஓடவில்லை.

“பூட்டைத் தொடுறதுக்கு முன்னாடி அசல் சான்றிதழைக் காட்டணும் முதலாளி,” என்றாள் அக்கா. “தேர்வுல ரெண்டாவது கேள்வியே அதுதான்.”

“இத்தனை நாளும் நகலைக் காட்டிட்டுத்தானே வந்தீங்க?”

“தப்புதான். இனிமே செய்ய மாட்டோம்.”

“நீ போகலைன்னா சாணைக்காரன் போவான்!”

சாணைக்காரர் சாணைக்கல்லை நிறுத்தினார். “ஆறும் வெளிய வரட்டும். தம்பியோடதும் சேர்த்து.”

ஒருவர் பின் ஒருவராக அரங்களைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் வளைகம்பியையும் வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் தோள்கள் இடித்துக்கொண்டிருந்தன.

போன் மறுபடியும் அடித்தது. முதலாளியின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

“எங்களுக்கு அவசரமே இல்ல முதலாளி,” என்றாள் அக்கா. “உங்க பெட்டி. நீங்கதான் திறக்கணும்.”