முனீபின் நீலக் குதிரைகள்

கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த தட்டில் கைவைத்த ஸஹ்ரா, ஏறி நின்ற கதிரையிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தாள். இறந்துபோன அண்ணன் முனீப் காக்காவின் மையத்தோடு வாகனம் திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டுவிட்டதாம். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வீடு கிட்டத்தான்.

"கெதியாச் செய் மகள்," என்றார் வாசலில் நின்ற பக்கீர் மாமா. "உருவம் வெச்சிருக்கிற ஹோல்ல மையத்த வைக்க மார்க்கத்துல ஏலா. ஒண்டும் கண்ணுல படப்படாது."

அவர் அதட்டவில்லை. விடிய ஆஸ்பத்திரிக்கு ஓடியது, மையத்தைச் சுற்றும் கபன் துணி வாங்கியது, பள்ளிவாசலில் அறிவித்தது எல்லாம் அவர்தான். ஸஹ்ரா மறுபடியும் கதிரையில் ஏறினாள்.

தட்டு நிறைய, உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் குதிரைக் குட்டிகள். நாற்பது வருடத்துக்கு முன் வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடியவை. பாதிக்கு மேல் ஒரே குதிரைதான்: நீல உடம்பு, ரோஸ் நிறப் பிடரி. ஒரே கம்பனிதான் என்றாலும் நாட்டுக்கு நாடு வேறு வேறாகச் செய்து விற்றிருக்கிறார்கள். இத்தாலியில் வந்ததற்குக் கண் கொஞ்சம் பெரிது. பிரேசிலில் வந்ததற்குப் பிடரி மயிர் முரடு. ஸஹ்ராவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் முனீபுக்கே வெளிச்சம்.

துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கும் லோஞ்ச் படகு ஓட்டியவர் முனீப். யாரோ கப்பல்காரன் லோஞ்சில் விட்டுவிட்டுப்போன ஒரு நீலக் குதிரையைக் கொஞ்ச நாள் சுக்கானுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிறகு டவுனில், பழைய சாமான் பரப்பி விற்கிறவனிடம் அதே மாதிரி இன்னொன்றைக் கண்டார். வாங்கிக்கொண்டு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால், வாலின் நிறம் ஒத்துவரவில்லை. அதோடு பிடித்தது. பிற்பாடு போனில் இதே கிறுக்குள்ள ஆட்கள் உலகமெங்கும் கிடைத்தார்கள்.

ஸஹ்ரா சாரன் துணியில் சுற்றிக் கொடுத்த குதிரைகளைக் கையில் வாங்கி அறைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு உம்மு குல்சும் பெருமூச்சு விட்டாள்.

"பிள்ளை இல்லாத ஏக்கந்தான். இதுகளப் பிள்ளையா வெச்சுப் பாத்திருக்காரு மனிசன்."

ஸஹ்ரா அடுத்த குதிரையை எடுத்தாள். அவளும் ஒருமுறை அதை நினைத்துக்கொண்டுதான், "என்னத்துக்குக் காக்கா இதெல்லாம்?" என்று கேட்டிருந்தாள். முனீப் இரண்டு குதிரைகளை அவளுக்கு முன்னால் நிறுத்திவைத்தார். "பாத்தா ஒண்டு போல இருக்கு. ஆனா ஒண்டில்ல. அதான்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மையத்து வந்தது. குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். முனீபின் மனைவி, மதினி ரிஸ்னாவைக் கூட்டிவந்து முகம் காட்டினார்கள். அவள் சத்தம்போட்டு அழவில்லை. குனிந்து நிறைய நேரம் பார்த்துவிட்டு, தானாகவே எழுந்து அறைக்குள் போய்விட்டாள். பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பு ஜனாஸாவைத் தூக்கினார்கள். ஆண்கள் எல்லோரும் போன பிறகு ஹோல் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது.

அடக்கிவிட்டு வந்த பக்கீர் மாமா அறைத் திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார்.

"மகள் ரிஸ்னா, அந்தக் குதிரைகள ஊட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குக் குடுத்திருவமா? சின்னதுகள் சந்தோசப்படும். முனீபுக்கும் நன்மை."

ஸஹ்ரா திடுக்கிட்டு மதினியைப் பார்த்தாள். வெள்ளைப் புடவையில், பாயில், சுவரோடு சாய்ந்திருந்தாள் ரிஸ்னா. வெள்ளிக்கிழமை தோறும் அந்த அலுமாரியைத் துடைத்தவள் அவள். துடைக்கும்போதெல்லாம், "மனிசனுக்கு வயசு போகுது, கூத்துப் போகல்ல" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்க ஏசுவாள். இப்போது 'ஓம்' என்றுவிட்டால் யார் என்ன செய்ய?

"குடுங்க மாமா," என்றாள் ரிஸ்னா.

ஸஹ்ரா வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "கட்டிலுக்குக் கீழ ஒரு காட்போட் பெட்டி இருக்கு. அதுல உள்ளது எல்லாம் டபுள். வெளிநாட்டு ஆக்களோட மாத்துறதுக்கெண்டு வெச்சிருந்தவரு. அதக் குடுங்க. அலுமாரில இருந்ததுல டபுள் ஒண்டும் இல்ல. அதத் தொட வேணாம்."

"எல்லாம் ஒண்டுதானே மகள்?"

"இல்ல மாமா."

"சரி, சரி," என்றார் மாமா. உம்மு குல்சும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். முற்றத்தில் பிள்ளைகளின் கூச்சல் எழுந்து, "மௌத்து நடந்த ஊடு, சத்தம் போடாதீங்க" என்று யாரோ அதட்ட அடங்கியது.

"நான் அவசரத்துல எல்லாத்தயும் கலந்து போட்டுட்டன் மதினி," என்றாள் ஸஹ்ரா.

"கொண்டாங்க."

ஸஹ்ரா சாரன்களை அவிழ்த்துக் குதிரைகளைப் பாயில் கொட்டினாள். ரிஸ்னா ஒவ்வொன்றாக எடுத்தாள். பெருவிரலால் குளம்பைத் தடவினாள். பிடரி மயிரை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தாள்.

"இது ஸ்பெயின். நீலம் வெளிறல். இது இத்தாலி. இதையும் அதோட வைங்க... இல்ல, அது பிரேசில், அந்தப் பக்கம்."

ஸஹ்ரா சொன்னபடி வைத்துக்கொண்டே வந்தாள். பாயில் நாடு நாடாகக் குதிரைகள் நின்றன.

ஒரு குதிரையில் ரிஸ்னாவின் கை நின்றது. திருப்பினாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். குளம்பை மறுபடியும் தடவினாள். பிடிபடவில்லை. தலையை நிமிர்த்தி ஹோல் பக்கம் பார்த்து, முனீபைக் கூப்பிடுகிற அதே குரலில், "இஞ்ச பாருங்க, இது எந்த—" என்றாள்.

முற்றத்தில் கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

ஸஹ்ரா கையை நீட்டி அந்தக் குதிரையை வாங்கினாள். எதோடும் சேர்க்காமல் பாயின் ஓரத்தில் தனியே நிற்க வைத்தாள்.