கடைசிப் பந்தும் ஹார்ட் டிஸ்க்கும்

இரத்தினவேலின் வாழ்க்கையில் மாறாத உண்மை ஒன்றே ஒன்றுதான்: பல வருடங்களுக்கு முன் துரொண்ட்ஹெய்ம் நகர அணிக்கு எதிரான கரப்பந்து இறுதியாட்டத்தில் அவர் அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், குரோருட் போகும் ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் முகம் அகப்பட்டால் போதும், இறங்குவதற்குள் அந்தப் பந்தை மறுபடி அடித்துக் காட்டிவிடுவார். வென்ற கிண்ணம் வரவேற்பறையில் சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதையோடு இருந்தது.

பந்து வெளியே விழுந்ததை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தார் என்பது வேறு விஷயம். நடுவர் புள்ளியைக் கொடுத்தார். கொடுத்ததை வேண்டாம் என்பது மரியாதையா? எதிரணித் தலைவர் சூசைரட்ணம் மட்டும் இன்றுவரை 'அவுட்' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து செத்துப்போனதால், "ஐயோ, அது மட்டும் இருந்திருந்தால் காட்டியிருப்பன்!" என்று இரத்தினவேலால் தைரியமாகப் புலம்ப முடிந்தது.

அந்தப் புலம்பலை முழுதாக நம்பியவள் மகள் ஹம்சத்வனி. பழுதான டிஸ்க்குகளிலிருந்து தகவல் மீட்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இதைவிட நல்ல பரிசு ஏது? அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள்.

"அது செத்துப்போச்சு பிள்ளை."

"சாகேல்லை அப்பா. டிஸ்க் எழுதேக்கையே கொஞ்சம் கூடுதலாக் கணக்குப் போட்டு எழுதி வைக்கும். சில இடம் அழிஞ்சாலும் மிச்சத்தை வைச்சு அழிஞ்சதைக் கண்டுபிடிக்கலாம். என்ரை வேலையே அதுதானே."

"அப்ப, பிழையெல்லாம் திருந்திடும்?"

"டிஸ்க் விட்ட பிழையைத்தான் திருத்தும். ஆக்கள் விட்ட பிழையை அப்பிடியே திருப்பித் தரும்."

இரத்தினவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மீன் பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கி டிஸ்க்கின் மேல் தேய் தேய் என்று தேய்த்தார். காந்தத்தால் எழுதியது காந்தத்தால் அழியும் என்பது அவருடைய விஞ்ஞானம். நிம்மதி வந்ததும் வாயும் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் சூசைரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தே கெட்டார்.

"பிறந்தநாளுக்கு வாரும் ஐசே. வீடியோ போடுறம். பாத்திட்டு வாயை மூடும்."

சூசைரட்ணம் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்து, தொலைக்காட்சிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். வீடு நிறைய ஆட்கள்.

"முழுக்க வந்திட்டுது அப்பா!" என்றாள் ஹம்சத்வனி.

"காந்தம் கீந்தம் பட்டிருந்தாலுமோ?"

"வீட்டுக் காந்தம் அதுக்கு நுளம்பு கடிச்ச மாதிரி."

திரையில் பந்து எழும்பியது. பிடிபட்டு நாறுவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று இரத்தினவேலுக்குப் பட்டது.

"நிப்பாட்டு பிள்ளை! பந்து வெளியிலைதான். எனக்கு அண்டைக்கே தெரியும்."

கிண்ணத்தைத் தூக்கிச் சூசைரட்ணத்தின் மடியில் வைத்தார். சபை கைதட்டியது. அவமானம் போய், தன்னைப் பற்றி அவருக்கே பெருமையாக இருந்தது.

"பரவாயில்லை, மிச்சத்தையும் பாப்பம்," என்று ஹம்சத்வனி வீடியோவை மெதுவாக ஓடவிட்டாள்.

பந்து வெளியேதான் விழுந்தது. ஆனால் விழுவதற்கு முன், வலைக்கு மேலே தடுக்க எழும்பிய சூசைரட்ணத்தின் சின்னிவிரலில் பட்டுத் திசை மாறியது. தடுத்தவர் கையில் பட்டு வெளியே போனால் புள்ளி அடித்தவருக்கு. திரையில் சூசைரட்ணம் அந்த விரலை உதறி உதறி ஊதியபடியே 'அவுட்' என்று கத்திக்கொண்டிருந்தார்.

இரத்தினவேல் மெல்லக் கையை நீட்டினார். சூசைரட்ணம் சின்னிவிரலை மடக்கிக்கொண்டு, கிண்ணத்தை இன்னும் இறுக்கி அணைத்தார்.

"சபைக்கு முன்னாலை நீரே சொல்லிப்போட்டீர் ஐசே," என்றார். "விழுந்து செத்த டிஸ்க்கிலை ஆயிரம் பிழை இருக்கும்."