எண்ணூறு வீட்டுக்கு ஒரு வீடு

அரசாங்கம் ஒரு மின்விசிறித் தொழிற்சாலை கட்டப்போவதாக அறிவித்தது. எந்த மாவட்டத்தில் வேலையில்லாதவர்கள் அதிகமோ அந்த மாவட்டத்துக்கே தொழிற்சாலை என்றும், அது எந்த மாவட்டம் என்பதைக் கணக்கெடுத்துத் தெரிந்துகொள்ளப்போவதாகவும் அதே அறிவிப்பில் சொன்னது. கிழக்கு மாவட்டத்துக்காரர்களுக்குச் சிரிப்புதான் வந்தது. அவர்களுக்கென்று இருந்த ஒரே நூற்பாலையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. ஆலையின் வாசலில் முளைத்த முள்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளக் கணக்கெடுப்பு வேறு வேண்டுமா, கண்ணைத் திறந்து பார்த்தால் போதாதா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசுவதற்கு அவர்களிடம் நேரம் தாராளமாக இருந்தது.

அந்த ஆலையில் ஃபிட்டராக இருந்தவரின் மனைவிக்கு இந்தக் கணக்கெடுப்பில் மூன்று மாத வேலை கிடைத்தது. நீல நிற ஃபைலும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவள் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கிய மூன்றாம் நாளே, தெரு அவளுடைய சொந்தப் பெயரை மறந்து 'ஃபாரம் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கையில் ஃபாரம் இருந்தால் வயது தானாகக் கூடிவிடும் போலிருக்கிறது.

தொழிற்சாலை எங்கே வரும் என்பது ஊருக்கு வம்பு. ஃபாரம் அக்காவுக்கு அது வீட்டு விஷயம். இங்கே வந்தால் ஃபிட்டர் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம். வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி மேற்கே போக வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். அவர் லீவில் வரும்போது அவருடைய சின்னப் பிள்ளை அவரை 'மாமா' என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே ஓடுகிறது. ஃபாரம் அக்காவின் மகளுக்கு எட்டு வயது. ஆலை மூடியதிலிருந்து அவளுக்குத் தினமும் ஜடை பின்னிவிடுவது அப்பாதான். நட்டு முறுக்குகிற கை அது. அவர் பின்னினால் சாயங்காலம் வரை ஒரு முடி வெளியே வராது.

வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதலில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்த சூப்பர்வைசர் நல்ல மனிதர். விதிகள் அடங்கிய கைப்புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர், அவ்வளவுதான் என்றார். ஒரு மணி நேரம்கூடச் செய்யாதவர் என்றால் வேலை தேடினாரா என்று கேட்க வேண்டும். தேடியிருந்தால்தான் அவர் வேலையில்லாதவர். தேடவில்லை என்றால் அவர் இந்தக் கணக்குக்கே வெளியே.

பின்வரிசையில் இருந்த ஒருவர், வேலையே இல்லாத ஊரில் எங்கே போய்த் தேடுவது என்று சந்தேகம் கேட்டார்.

"தேடினாரா இல்லையாங்கறதுதான் கேள்வி. எங்கேங்கறது ஃபாரத்துல இல்ல" என்றார் சூப்பர்வைசர்.

இன்னொன்றும் சொன்னார். எல்லா வீட்டுக்கும் போக முடியாது. குலுக்கலில் வந்த வீடுகளுக்கு மட்டும்தான் போக வேண்டும். அப்படி வந்த ஒவ்வொரு வீடும் எண்ணூறு வீட்டுக்குச் சமம். ஒரு வீட்டில் ஒருவர் தும்மினால் எண்ணூறு பேர் தும்மியதாக அர்த்தம் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஃபாரம் அக்கா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வேலை தொடங்கியதும்தான் அவளுக்குச் சிக்கல் புரிந்தது. ஊரே சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் போய்க் கேட்டால் ஒருவர்கூடச் சும்மா இல்லை. முடிவெட்டும் கடைக்காரர் அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு தலையைத்தான் வெட்டியிருந்தார், அதுவும் சொந்த மருமகன் தலை. ஆனாலும் கடை ஓகோவென்று ஓடுகிறது, எழுதிக்கோம்மா என்றார். ஆலையின் பழைய வாட்ச்மேன் மூடின கேட்டின் முன்னால் இன்னும் தினமும் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். சம்பளம் தருகிறார்களா என்று கேட்டதற்கு, "டியூட்டி டியூட்டிதானேம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் கணக்குக்கு வெளியே போட்டாள். ஐம்பத்தாறு விண்ணப்பம் போட்டுவிட்டு ஐம்பத்தேழாவதைப் போடாமல் படுத்துவிட்ட பட்டதாரிப் பையனையும் வெளியே போட்டாள். போன மாதம் வரை தேடினேன் அக்கா என்றான் அவன். போன மாதம் ஃபாரத்தில் செல்லாது.

அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர். அங்கே ஓர் ஆண்பிள்ளை 'சும்மா இருக்கேன்' என்று வாயால் சொல்லிவிட்டால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், கல்யாணமானவன் என்றால் மச்சான்கள் மதிக்க மாட்டார்கள். பசியைக்கூட ஒத்துக்கொள்வார்கள், இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மானத்துக்கு ஒரு மணி நேர வேலை போதும், ஃபாரத்துக்கும் அதே ஒரு மணி நேரம் போதும். இரண்டும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று யார் கண்டார்கள்.

பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி மேற்கு மாவட்டத்துக்காரி. அவள் தன் ஊரில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஃபோனில் பேசும்போது அங்கே நிலைமை எப்படி என்று ஃபாரம் அக்கா கேட்டாள்.

"ஒரே வீட்டுல மூணு பேர்டி. மூணு பேரும் வேலையில்லாதவங்க. ஏசி ரூம்ல உக்காந்து தேடறாங்க" என்றாள் தோழி.

அந்த வீட்டு அப்பாவுக்கு இரண்டு கடை, மாடியில் வாடகைக்கு நான்கு குடித்தனம். பிள்ளைகள் நாலு வருஷமாக மனசுக்குப் பிடித்த வேலையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் விண்ணப்பம் போடுகிறார்கள், அத்தாட்சி காட்டுகிறார்கள், வேலை இல்லை என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். தேடுவதற்கும் வசதி வேண்டும் என்பது ஃபாரம் அக்காவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த மூன்று பேரையும் எண்ணூறால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஃபோனை வைத்தாள்.

அடுத்த வாரம் குலுக்கலில் அவளுடைய சொந்த வீடே வந்தது. சொந்த வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. சூப்பர்வைசரே வருகிறேன் என்று சனிக்கிழமை காலை நேரம் குறித்தார்.

வெள்ளிக்கிழமை அவள் கணவருக்கு ஒத்திகை வைத்தாள். ஆலை மூடியாச்சு, வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன், இந்த மூன்றுக்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாள். பொய் ஒன்றுமில்லையே, மூன்றும் சத்தியமான உண்மைதானே என்று அவரும் தலையாட்டினார். முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது.

சூப்பர்வைசர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஃபாரத்தைப் பிரித்தார். மகள் தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஃபாரம் அக்கா அடுப்படி வாசலில் நின்றாள், குறுக்கே பேசக் கூடாது என்பதும் விதி. அவளைப் பற்றிய கேள்வி சீக்கிரம் முடிந்தது. கணக்கெடுக்கும் வேலையில் இருப்பதால் அவள் வேலையில் இருப்பவள். அதோடு கிழக்கு மாவட்டத்தில் எண்ணூறு பெண்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. பிறகு ஃபிட்டர் பக்கம் திரும்பி, கடந்த ஏழு நாளில் ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார்.

ஃபிட்டர் வாயைத் திறந்தார். பென்சில் சீவுகிற சத்தம் நின்றது. மகள் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது.

"நான் சும்மா இல்ல சார்" என்றார் ஃபிட்டர்.

அடுப்படி வாசலிலிருந்து ஃபாரம் அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள், கையாலும் ஜாடை காட்டினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை தையல்கார அம்மாவின் மிஷினைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டிக்கொடுத்ததை விலாவாரியாகச் சொன்னார். எந்த ஸ்குரூ தேய்ந்திருந்தது என்பதைக்கூட விடவில்லை. எவ்வளவு நேரம் பிடித்தது என்று சூப்பர்வைசர் கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றார். அதற்கு ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டதும், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார்கள் என்றார். சூப்பர்வைசரின் முகம் மலர்ந்தது. பொருளாக வாங்கினாலும் கூலிதான், பக்கம் நாற்பத்தொன்று என்று சொல்லிக் கட்டத்தில் டிக் அடித்தார். ஒரே டிக்கில் எண்ணூறு ஃபிட்டர்கள் வேலையில் சேர்ந்தார்கள்.

அவர் போனதும் ஃபாரம் அக்கா எரிந்து விழுந்தாள். நேற்று அவ்வளவு சொல்லியும் ஏன் இப்படிச் செய்தீர்கள், தொழிற்சாலை மேற்கே போனால் யார் போய் அங்கே கிடப்பது என்று கேட்டாள். மகள் வாசலுக்கு விளையாடப் போனபிறகுதான் ஃபிட்டர் பதில் சொன்னார்.

"அவ பார்த்துக்கிட்டே இருந்தா. அவ முன்னாடி அதைச் சொல்ல வாய் வரல" என்றார்.

அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை. அந்த மாதத்தில் இதே முகத்தை அவள் நூறு வீட்டில் பார்த்திருந்தாள். பார்த்து, டிக் அடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முடிவு வெளியானது. மேற்கு மாவட்டத்தில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். கிழக்கு மாவட்டத்தில் இரண்டு பேர், அதுவும் முழுசாக இல்லை. கிழக்கு மாவட்ட மக்களின் உழைப்பைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மந்திரி மேடையில் பேசினார். டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கேட்ட மக்கள் ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். பிழையில்லாமல் ஃபாரம் நிரப்பியதற்காக ஃபாரம் அக்காவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவள் அதை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள்.

தொழிற்சாலை மேற்கே எழுந்தது. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு செய்கிற வேலையைத் தேடவே இல்லையே, அவர்கள் தேடியது வேறு. ஆள் கிடைக்காமல் நிர்வாகம் தவித்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தக்காரர் வேனை எடுத்துக்கொண்டு கிழக்கே வந்தார். வேலையில்லாதவர்கள் நிறைந்த ஊரில் தொழிற்சாலை, அதில் நின்று வேலை செய்ய எல்லோருக்கும் வேலை இருக்கிற ஊரிலிருந்து ஆட்கள். இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததாகத் தெரியவில்லை. முதல் வேனிலேயே ஃபிட்டர் ஏறினார். தொழிற்சாலையின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஷெட்டில், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் லீவு. கிளம்புகிற அன்று காலை மகளுக்கு ஜடை பின்னிவிட்டார். அன்றைக்கு அது கொஞ்சம் லூசாகவே இருந்தது.

அவர் போய் எட்டு மாதம் கழித்து மறுபடியும் கணக்கெடுப்பு வந்தது. ஃபாரம் அக்காவுக்கு மறுபடியும் மூன்று மாத வேலை. போன தடவை குலுக்கலில் வந்த வீடுகளையே இந்தத் தடவையும் பார்க்க வேண்டும் என்பதால் சூப்பர்வைசர் மறுபடியும் அவள் வீட்டுக்கு வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபாரம் அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தபோது, முதல் கேள்வியை மகளிடம் விளையாட்டாகக் கேட்டார். இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் பாப்பா என்றார்.

"மூணு பேர்" என்றாள் அவள். அவளே பின்னிக்கொண்ட ஜடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. சூப்பர்வைசர் மூன்று என்று எழுதினார்.

தண்ணீரோடு வந்த ஃபாரம் அக்கா அதைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் தங்கி வேலை செய்பவர் இந்த வீட்டு ஆள் இல்லை, பக்கம் ஒன்பது. இந்த மாதத்தில் மட்டும் இருபது வீட்டில் அவளே வாய்ப்பாடு போல இதை ஒப்பித்திருக்கிறாள். சூப்பர்வைசரும் நினைவு வந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர்தான் என்று சொன்னேனே. எழுதிய மூன்றை உடனே அடிக்க அவருக்கும் மனசு வரவில்லை.

"அங்கே அவரைச் சேர்த்துப்பாங்களா சார்?" என்று கேட்டாள்.

"ஷெட், விடுதியெல்லாம் நம்ம கணக்குல வராதும்மா. வீடுங்க மட்டும்தான்."

"அப்ப அவர் எங்கதான் சார் வர்றார்?"

சூப்பர்வைசர் கைப்புத்தகத்தைத் திறந்தார். பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் பிய்ந்திருந்தது. இரண்டு பக்கம் புரட்டினார், பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

மகளுக்குப் பேச்சின் போக்கு பிடிக்கவில்லை. எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் பழைய செருப்பை எடுத்துவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். இதோ பாருங்க, அப்பா இங்கதான் இருக்கார் என்றாள்.

சூப்பர்வைசர் செருப்பைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார். பிறகு மூன்றின் மேல் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். அடித்துத் திருத்திய இடத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவர் பேனாவை நீட்டினார். எங்கே போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் காட்டத் தேவையில்லை. அப்பாவையும் அவரோடு எண்ணூறு பேரையும் அடித்திருந்த அந்தக் கோட்டின் பக்கத்தில் ஃபாரம் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அம்மா ஏதோ நல்லதாக எழுதிவிட்டாள் என்று நினைத்து, மகள் செருப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே ஜோடியாக வைத்தாள்.