செத்தவர் சிரிக்க வேண்டும்

அரசு மானியம் கிடைத்தால் அடுத்த படம். கிடைக்காவிட்டால் பெங்களூரில் தன் அண்ணனின் கம்பெனியில் வேலை. என் மனைவி ரஞ்சனி இப்படி முடிவெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். தூக்கம் போனது எனக்குத்தான். பாலக்கரையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். என் கேமராவைப் பிடுங்கி அவள் எடுத்த படம் திருச்சியில் ஒரே தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. பார்க்காதவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

சின்னப் படங்களுக்கு அரசு தரும் மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். தேர்வுக் குழு திருச்சிக்கே வந்து, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தியேட்டரில் காலையில் படம் பார்ப்பதாகத் தகவல் வந்தது. படத்தில் வேலை பார்த்தவர்களும் குடும்பத்தாரும் பின்னால் உட்காரலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது.

எங்கள் ஆட்களாவது வாயைத் திறக்காமல் இருப்பதாவது! படத்தில் அப்பாவாக நடித்தவர் மருதை அண்ணன். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர். இடைவேளைக்குப் பிறகு செத்துப்போவார். அவர் மனைவி பாப்பாயி அக்கா மகளின் பிரசவத்துக்காக லால்குடியிலேயே தங்கிவிட்டதால் படம் எடுத்தபோதும் இல்லை, ஓடியபோதும் இல்லை. "நாலு சீன்ல டீ குடிப்பேன், அவ்வளவுதான்" என்று அண்ணன் அவரிடம் புளுகி வைத்திருந்தார்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தால்தான் தோஷம் கழியும். படத்தில் அந்தச் சிரிப்பு வராது, ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். நாங்கள் விட்டுவிட்டோம். அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில் ரஞ்சனி 'கட்' சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் ஓட, பின்னாலேயே பிணமும் மாலையோடு ஓடிவந்தது.

பாப்பாயி அக்காவின் தம்பி சென்னையில் சினிமா லைட்மேன். அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி.

தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் குழுவினர் மூன்று பேர். திரையில் அண்ணனைக் கிடத்தி மாலை போட்டார்கள்.

"ஏங்க, அது நீங்கதானே?" என்றார் அக்கா.

"சும்மா இரு."

"எந்திரிச்சுச் சிரிச்சீங்களா?"

"அன்னிக்கு மழை வந்துருச்சு."

"மழையா? அப்ப இத்தனை மாசமா செத்தேவா கெடக்கீங்க?" அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "எந்திரிங்க. இப்பவே சிரிங்க!"

மருதை அண்ணன் ஊருக்குப் பயப்படமாட்டார், அக்காவுக்குப் பயப்படுவார். சட்டென்று எழுந்தார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் தலையில் பட்டு, திரையில் கிடந்த பிணத்தின் மேலே ஒரு பெரிய நிழல் எழுந்து நின்று "ஹெஹ்ஹே" என்று சிரித்தது.

விளக்குகள் எரிந்தன. ரஞ்சனி முகத்தைப் பொத்திக்கொண்டாள். போச்சு, பெங்களூருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். வாயைப் பொத்தி உட்காரத் தெரியாத கூட்டத்தைக் கூட்டி வந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"யாருங்க அது?" என்று திரும்பினார் குழுத் தலைவி பெலிண்டா மேடம். நாற்பது வருஷம் சினிமாவில் எடிட்டராக இருந்தவர்.

"நான்தாங்க, செத்தவன்" என்றார் அண்ணன்.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் எரிந்து விழுந்தார். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல? இந்தப் படத்தைத் தள்ளிடலாம் மேடம்."

"ஐயா, அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க" என்று கைகூப்பினார் அக்கா. "இவரு சிரிக்கறதைக் கேமராவுல எடுக்காம விட்டுட்டாங்க. என் மனசு கேக்கலைங்க."

பெலிண்டா மேடம் ரஞ்சனியைப் பார்த்தார். "நெசமாவே எடுக்கலையாம்மா?"

"இல்லைங்க மேடம்."

"அப்ப மொதல்ல அதை எடு. அதுவரைக்கும் இந்த மனுஷனைப் பொணமா என்னால பார்க்க முடியாது. அந்தம்மாவுக்கு இருக்கிற பயம் எனக்கும் உண்டு."

அரசாங்கம் அனுப்பிய குழு, அரசாங்க வேலையை நிறுத்திவிட்டு ஒரு ஆட்டோக்காரர் சிரிப்பதற்காகக் காத்திருந்தது. சத்திரத்துக் கடையிலிருந்து நான் பூசணிக்காய் வாங்கி வந்தேன். வாசலில் ரஞ்சனி என் போனைப் பிடித்தாள். பாப்பாயி அக்கா அழுதுகொண்டே நின்றதில் மருதை அண்ணனுக்குச் சிரிப்பே வரவில்லை.

"அண்ணே, பல்லு தெரியலை. இன்னொரு டேக். அக்கா, நீங்க அழுதா அவரு எப்படிச் சிரிப்பாரு? தள்ளி வாங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க!"

எத்தனையோ நாளாக நான் கேட்காத குரல் அது. அதட்டல், அவசரம், சந்தோஷம் எல்லாம் கலந்தது. அந்தக் குரலுக்காகத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல்லக் காட்டுங்கய்யா, மானம் போவுது" என்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எரிந்து விழுந்த உறுப்பினரே பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்.

பிறகு படத்தை முழுதும் பார்த்தார்கள். "முடிவைச் சென்னையிலேருந்து சொல்வோம்" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார்கள்.

மருதை அண்ணனின் ஆட்டோவில் வீடு திரும்பினோம். பாலம் ஏறும்போது ரஞ்சனி சொன்னாள்: "பெங்களூர் அண்ணனுக்குப் போன் போட்டு, நான் வரலைன்னு சொல்லிடுங்க."

"மானியம் வராட்டி?"

"வந்தா நல்ல கேமரா. வராட்டி உங்க கல்யாணக் கேமரா."

பாப்பாயி அக்கா என்னைத் தாண்டி ரஞ்சனியின் கையைப் பிடித்தார்.

"அடுத்த படத்துலயும் இவரு சாவாரா?"

"சாவாருக்கா."

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனை அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

"சரி. மொதல்ல சிரிப்ப எடுத்துட்டு, அப்புறமா சாகடி."