விழ வேண்டிய பக்கம்

காரா-ஜங்காக் மலைச்சரிவில் கல்முர்சாவின் குடும்பத்தார் யாரும் நிற்கிற மரத்தில் கோடரி வைத்ததில்லை. மலை தானாகக் கீழே போட்டதை எடுத்துத்தான் அவர்கள் அடுப்பு எரித்தார்கள். இதைக் கல்முர்சா கல்யாண வீட்டிலும் சொல்வார், எழவு வீட்டிலும் சொல்வார். சொல்லும்போது அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். வெள்ளைக் கம்பளித் தொப்பி விட்டத்தில் இடித்துவிடுமோ என்று எதிரே இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சங்கடம் வந்தது. வரவழைத்தவரும் அவரேதான்.

மகள் பெர்மெத்தைப் பக்கத்துச் சரிவுக்காரர் சாதிர்பாயின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். முதல் பனி விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குக் காதணி போடுவது, அன்றைக்குப் பெண் வீட்டில் விருந்து என்று ஏற்பாடு. பேச்சு முடிந்து தேநீர் ஊற்றியபோது சாதிர்பாய் போன வருஷம் தன் வீட்டில் நடந்த விருந்தைப் பற்றி ஆரம்பித்தார். அக்ரூட் அடிமரத்தை முழுசாக வைத்து எரித்தாராம். காலையில் கொதிக்கத் தொடங்கிய கொப்பரை சாயங்காலம் வரை அடங்கவே இல்லையாம். கேட்டுக்கொண்டு கல்முர்சா சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வீட்டுக் கொப்பரையும் அடிமரத்துலதான் கொதிக்கும் சம்பந்தி. சுள்ளி வச்சு எங்களுக்குப் பழக்கமில்ல" என்று சபை நிறையச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து விறகுக் கொட்டகையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது சுள்ளி மட்டும்தான். இருந்த அடிமரம் எல்லாம் தம்பி மகன் கல்யாணத்தில் சாம்பலாகிவிட்டது. அவர் மனைவி உல்கான் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"சுள்ளியில வெந்தா ஆட்டுக்கு என்ன, கோவமா வரப்போகுது?"

"ஆட்டுக்குக் கோவம் வராது. ஊருக்குச் சிரிப்பு வரும்."

காட்டில் அந்த வருஷம் விழுந்த மரங்களைப் பங்கு பிரித்து ஆகிவிட்டது. இனி விழுவது யார் சரிவில் விழுகிறதோ அவருக்குச் சொந்தம். நிற்கிற மரம், பட்டே போயிருந்தாலும், யாருக்கும் இல்லை. அதை வெட்டினாலோ கயிறு கட்டி இழுத்தாலோ அந்த வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்கக் காட்டு விறகு கிடையாது. போதாததற்கு, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் பெயரைச் சொல்லுவார்கள். விறகில்லாமல் ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். அந்தப் பெயர் சொல்வதைத் தாங்கமுடியாது. ஊரார் கூடி வைத்த காட்டுக் குழுவின் சட்டம் அது. குழுவுக்குத் தலைவி துர்சுனாய். கன்று முளைத்த இடத்தில் கட்டையை இழுத்துப் போனதற்காகச் சொந்தத் தாய்மாமனையே நிற்கவைத்துக் கேட்டவள்.

ஆனால் ஒரு மரம் இருந்தது. கல்முர்சாவின் பங்குக்கும் சாதிர்பாயின் பங்குக்கும் நடுவே, எல்லைக் கல்லை ஒட்டி, பட்டுப்போன கிழட்டு அக்ரூட். வேர் பாதி அழுகிவிட்டது. காற்றடித்தால் முனகும். இன்றைக்கோ நாளைக்கோ விழப்போகிறது. எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றிச் சம்பந்திகள் இருவரும் பேசிக்கொண்ட மரியாதையைக் கேட்டிருக்க வேண்டும். மரம் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது, உங்களுக்கே விழட்டும் என்பார் சாதிர்பாய். எனக்கெதற்கு, நாளைக்கு என் பெண் குளிர்காயப் போகிற வீடு உங்கள் வீடுதானே, உங்கள் பக்கமே விழட்டும் என்பார் கல்முர்சா. நெஞ்சில் கை வைத்து ஒருவருக்கொருவர் குனிந்துவிட்டுப் பிரிவார்கள். இரண்டு எட்டு போனதும் இருவருமே திரும்பி மரத்தைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் கல்முர்சாவின் சேணத்தில் படிந்த வியர்வை உப்பை ஒரு பசு நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய சுகத்தில் கழுத்தைத் தேய்த்து, சேணம் மாட்டியிருந்த வேலிக் கம்பத்தையே சாய்த்துவிட்டது. கல்முர்சா அந்தக் கம்பத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் முதல், மனித நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வாளியும் ஒரு கம்பளித் துண்டுமாக மரத்தடிக்குப் போகத் தொடங்கினார். மரம் தன் பக்கம் விழவேண்டும் என்றால் மாடு எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டவேண்டும். ஆகையால் எல்லையைத் தாண்டி, சாதிர்பாய் சரிவில் நின்று, அந்தப் பக்கத்துப் பட்டையில் உப்பைத் தடவினார். இதைச் சூழ்ச்சி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கோடரி இல்லை, கயிறு இல்லை. வாயில்லாப் பிராணிகளுக்கு உப்பு வைப்பதை எந்தக் குழுவும் தடுத்ததில்லை.

அக்ரூட் பொறுக்கி முடிந்து மாடுகளைக் காட்டில் விட்டிருந்த காலம். ஊர் மாடெல்லாம் அங்கேயே குடிவந்துவிட்டன. நக்கி நக்கி, தேய்த்துத் தேய்த்து, மரத்தின் ஒரு பக்கம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. அப்படியும் மரம் கல்முர்சா பக்கம் சாயவில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதிர்பாய் பக்கமே சாய்ந்தது. சுற்றிவந்து பார்த்தால், தன் சரிவில் மரத்தடி மண் முழுக்க உழுத வயல்போலக் கிடந்தது. வேர்கள் அறுந்து பல்லை இளித்தன. காட்டுப்பன்றி வேலை. இத்தனை பெரிய காட்டில் அவற்றுக்கு வேறு இடமா இல்லை என்று பன்றிகளைத் திட்டிவிட்டு, உப்பைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போகும் நேரத்தில் காடு காலியாக இருக்கும். முழங்கால் வலிக்கிறது என்று கல்முர்சா முந்தைய நாளே ஊரில் சொல்லிவைத்திருந்தார், அன்று வீட்டிலும் சொன்னார். உல்கான் வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மரத்தடியில் நின்று துண்டை நனைக்கும்போது அந்தப் பக்கம் யாரோ முக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். அவருடைய சரிவில், வேர்ப் பள்ளத்தில் மண்டிபோட்டுக்கொண்டு, ஒரு மூட்டையிலிருந்து அக்ரூட்டையும் காட்டு ஆப்பிளையும் எடுத்து மண்ணுக்குள் திணித்துக்கொண்டிருந்தார் சாதிர்பாய்.

"வாங்க சம்பந்தி," என்றார் சாதிர்பாய், சொந்த வீட்டு வாசலில் வரவேற்கிற மாதிரி. "முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன்."

"உங்களுக்கும் வலின்னுதான் சொன்னாங்க."

"நடந்தா சரியாயிடும்னு வைத்தியர் சொன்னார்."

"எங்க நிலத்துல நடக்கச் சொன்னாரா?"

"நீங்க எங்க நிலத்துல நிக்கறீங்களே. கையில அது என்ன வாளி?"

"உப்புத் தண்ணி. உங்க மாடுங்க இளைச்சுப் போயிருக்கு. பாக்கச் சகிக்கல."

"அதை மரத்துக்கா குடுக்கணும்?"

கல்முர்சா மூட்டையைப் பார்த்தார். "அது?"

"புழு விழுந்த காயி. வீணாப் போகுதேன்னு, பாவம், அணிலுங்களுக்கு."

"அணிலு இவ்வளவு ஆழமாவா தோண்டும்? சம்பந்தி, ஊரே தொழுதுக்கிட்டு இருக்கற நேரத்துல, முழங்கால் வலின்னு சொல்லிட்டு வந்து, பன்னிக்கு விருந்து வைக்கறீங்க."

சாதிர்பாய் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மரம் திறந்தது. அடியில் 'மடக்' என்று ஒரு சத்தம். இருவரும், முழங்கால் வலியை மறந்து, ஆட்டுக்குட்டிகள் மாதிரித் துள்ளி ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். மரம் ஒரு சுற்றுச் சுற்றியது. யாருக்கும் இல்லாமல், சரிவின் போக்கில், எல்லைக் கோட்டின் மேலேயே தலைகீழாகப் போய் விழுந்தது.

சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டிருக்கிறது. தொழுகை முடிந்த கையோடு பாதி ஊர் மேலே ஏறி வந்தது. முன்னால் துர்சுனாய். அவள் மரத்தின் வழவழப்பைக் கையால் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு உழுது கிடந்த மண்ணைப் பார்த்தாள். பெரியவர்கள் இருவரையும் கேட்டாள். ஒருவர் முழங்காலை ஒருவர் விசாரிக்க வந்ததாக இருவரும் சொன்னார்கள்.

துர்சுனாய் தோள்பையிலிருந்து ஒரு வட்ட ரொட்டியை எடுத்தாள். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. ரொட்டியைக் கையில் வைத்துப் பொய் சொன்னவன் வீட்டில் அந்த மலையில் யாரும் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

"மரம் எல்லை மேல கிடக்கு. இதை விழவைக்க நான் ஒண்ணும் செய்யலன்னு யார் இந்த ரொட்டி மேல சொல்றாங்களோ, அவங்க முழுசா எடுத்துக்கலாம். நீங்க மூத்தவரு, நீங்க பிடிங்க அண்ணே" என்று கல்முர்சாவிடம் நீட்டினாள்.

ரொட்டி இன்னும் இளஞ்சூடாக இருந்தது. எதிரே மரம் கிடந்தது, பத்து விருந்துக்குக் காணும். வெட்டியது நானில்லை, இழுத்தது நானில்லை, மாடு முட்டினால் நான் என்ன செய்வேன் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்பிள்ளை கேட்டது வெட்டினாயா என்று இல்லை. ஒன்றும் செய்யவில்லை என்று சொல் என்றாள். 'ஒண்ணும்' என்ற சொல்லுக்குள் வாளியும் உப்பும் வந்துவிடும். மறுத்தால் அம்பலம், சொன்னால் அதைவிடக் கேவலம். சட்டென்று அவர் முதுகு நிமிர்ந்தது.

"சம்பந்தி இருக்கறப்ப நான் முந்தறது மரியாதை இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரர் முதல்ல சொல்லட்டும்" என்று இரண்டு கையாலும் ரொட்டியைச் சாதிர்பாயிடம் கொடுத்தார்.

இனி இந்த மனிதர் எப்படித் தப்புகிறார் என்று பார்ப்போம் என்பதுதான் அப்போது அவர் மனசில் இருந்தது.

சாதிர்பாய் இரண்டு கையாலும் வாங்கினார். ரொட்டியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். இன்னொரு துண்டு பிய்த்தார்.

"அண்ணே, அது சத்தியம் பண்ணக் குடுத்தது" என்றாள் துர்சுனாய்.

"நல்லா வெந்திருக்கும்மா. யார் சுட்டது?" என்று கேட்டுவிட்டு, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தார்.

கல்முர்சா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பொய்யில் அத்தனை மரமும் அவருக்குக் கிடைத்திருக்கும். மனிதர் வாயைத் திறந்தது தின்பதற்கு மட்டும்தான். இந்த வீட்டுக்குப் பெண்ணைத் தைரியமாக அனுப்பலாம் என்று நினைத்தபோது, பல நாளாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை வெளியே சொல்லும் வழக்கம் அவருக்கில்லை.

"என் பங்கு ரொட்டியையும் சேத்துத் தின்னுட்டீங்களே சம்பந்தி" என்றார்.

கூட்டத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு எழுந்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

துர்சுனாய் சிரிக்கவில்லை. மாட்டுக்கும் பன்றிக்கும் குழு இதுவரை சட்டம் போடாததால் பள்ளிவாசலில் பெயர் சொல்ல வழியில்லை, அடுத்த வருஷம் வழி பிறக்கும் என்றாள். மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கும், மரங்கொத்தியும் வண்டும் அதில் குடியிருக்கட்டும் என்றாள். பெரியவர்கள் இருவரும் அந்த முழங்கால்களோடு பள்ளத்தை மூடி, பன்றி பிடுங்கிய மரக்கன்றுகளைத் திரும்ப நட்டுத் தரவேண்டும் என்றாள். இருவரும் நட்டார்கள். யார் நட்ட கன்று நேராக நிற்கிறது என்பதில் மட்டும் தகராறு வந்தது.

முதல் பனி விழுந்தது. பெர்மெத் காதில் வெள்ளிக் காதணி ஆடியது. கல்முர்சா வீட்டுக் கொப்பரைக்கு அடியில் சுள்ளி எரிந்தது. உல்கானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கட்டுக் கட்டாக உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். தீ பொசுக்கென்று எழும்பும், பொசுக்கென்று அணையும். சாயங்காலம் பரிமாறும்போதும் ஆடு முழு மனசோடு வேகவில்லை. கல்முர்சா, அடிமரமே எரிகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, மூத்த விருந்தாளிக்குரிய எலும்பைச் சாதிர்பாய் முன்னால் வைத்தார்.

சாதிர்பாய் அதைக் கடித்தார், இழுத்தார், இன்னொரு பக்கத்தால் கடித்தார். சபை முழுக்க அவரைப் பார்த்தது.

"இந்த மாதிரிப் பஞ்சா வெந்த கறியை நான் எங்கயும் சாப்பிட்டதில்ல. அடிமரத் தீயில இந்தப் பதம் வரவே வராது" என்றார்.

கல்முர்சா பக்கத்திலிருந்த ரொட்டித் தட்டை மெதுவாகச் சம்பந்தியின் கைப்பக்கம் நகர்த்தினார். சாதிர்பாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கறியை இன்னொரு முறை புகழ்ந்தார்.